உயர்த்திய வண்டியும் நடுங்கும் தண்டும்

நேற்றுவரை சீராக ஓடிய ஜீப் வண்டி ஒன்று இன்று நடுங்குகின்றது. அதன் உடையவர் வண்டியைப் பேணுவதில் குறை வைத்தவரல்லர். கல்லும் பள்ளமும் நிறைந்த காட்டுப் பாதையிலே வண்டியின் அடிப்பாகம் மோதாதிருக்க வேண்டும் என்று கருதி, பழைய சுருள்விற்களைக் கழற்றிவிட்டு, வண்டியை 3 அங்குலம் உயர்த்தவல்ல புதிய விற்களைப் பூட்டினார். வண்டியும் கம்பீரமாக எழுந்து நின்றது. ஆனால், நெடுஞ்சாலையில் ஏறி வேகம் கூடியதும் ஆசனத்தின் கீழிருந்து ஒரு முரலொலி எழுகின்றது, தரைத்தகடு அதிர்கின்றது, பின்னே வருவதைக் காட்டும் கண்ணாடியில் உருவங்கள் மங்குகின்றன. அவர் ரயர்களைச் சமப்படுத்துகிறார், பயனில்லை. புதிய பேரிங்குகளை வாங்கிப் பூட்டுகிறார், அப்போதும் பயனில்லை. பணம் கரைகின்றது, நடுக்கம் கரையவில்லை.

அமெரிக்காவிலே ஜீப் வண்டிகளை உயர்த்திக் கட்டுவோர் இத்துன்பத்தை நன்கு அறிவர். சிறப்பாக, 1997 முதல் 2006 வரையான மாதிரிகளாக வெளிவந்த, ரீ.ஜே. எனக் குறிக்கப்படும் ராங்லர் வண்டிகளில் இது பலரும் எதிர்ப்படும் தொல்லை. அவ்வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 93 அங்குலத்தைச் சற்றே தாண்டும். இக்குறுகிய உடலே காட்டுப் பாதையில் அதற்கு வாய்த்த பலம். உயர்த்தியபின் அதுவே பலவீனமாகவும் மாறுகின்றது. அஃது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடித்தல் அரிது.

எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து, முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் அதனைப் பகிர்ந்தளிக்கும் பரிமாற்றப் பெட்டிக்கு வருகின்றது. அங்கிருந்து பின்னச்சுக்கு அச்சுழற்சியைக் கொண்டுசெல்வது ஓர் இரும்புக் குழாய்த் தண்டு. பரிமாற்றப் பெட்டி சட்டத்தோடு பொருந்தி உயரத்தில் நிற்கும். பின்னச்சோ சில்லுகளோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும். ஆகவே தண்டு சாய்வாக நிற்க வேண்டும். சாய்ந்தபடியே சுழலவும் வேண்டும். இதற்காகத் தண்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் மூட்டு பூட்டப்படுகின்றது. இரண்டு கவைகளும் அவற்றின் நடுவே சிலுவை வடிவான ஒரு துண்டும் சேர்ந்ததே அம்மூட்டு.

இம்மூட்டை ஐரோப்பியர் கார்டான் மூட்டு என்பர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயர் அதிலே நிலைத்தது. ஆங்கிலேயர் ஹூக் மூட்டு என்பர். ரொபேட் ஹூக் என்னும் அறிஞர் 1676இல் வெளிவந்த தமது நூலொன்றில் இதனை விளக்கினார். மோட்டார் வண்டியில் சங்கிலிக்குப் பதிலாக இம்மூட்டுடைய தண்டைப் பயன்படுத்தும் வழியை வகுத்து, 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இம்மூட்டுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. கோணத்தில் நின்று சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருப்பினும் வெளியே செல்லும் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். தரையில் கிடையாக அமைத்த சூரியக் கடிகாரத்தின் நிழலும் இவ்வாறே மணிக்கு மணி ஒரே அளவாக நகர்வதில்லை. இவ்விரண்டு ஒழுங்கின்மைகளும் ஒரே கணித விதிக்கு உட்பட்டவை. சூரியக் கடிகாரம் வரைவோனுக்கு உதவியாகும் அவ்வியல்பு, மோட்டார் வண்டியில் நோயாகின்றது.

அளவைப் பார்ப்போம். மூட்டு 15 பாகைக் கோணத்தில் நிற்கிறது எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்று உள்ளே சென்றால், வெளியே செல்லும் வேகம் 966க்கும் 1035க்கும் இடையே ஊசலாடும். கோணம் 5 பாகையாயின் அவ்வூசலாட்டம் 996க்கும் 1004க்கும் இடையே அடங்கிவிடும். கோணம் மும்மடங்காகும்போது குற்றம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகின்றது.

இனி, வண்டியை 3 அங்குலம் உயர்த்தினால் தண்டின் சாய்வு எவ்வளவு கூடும்? 50 அங்குல நீளத் தண்டாயின் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. 18 அங்குலத் தண்டாயின் ஒன்பதரைப் பாகை. நெடிய வண்டி பொறுத்துக்கொள்ளும் உயர்ச்சியைக் குறுகிய வண்டி பொறுக்காமைக்குக் காரணம் இதுவே.

அப்படியாயின் எல்லா வண்டிகளும் நடுங்க வேண்டுமே எனின், நடுங்காமைக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க, இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாயின், முதல் மூட்டு செய்யும் குற்றத்தை இரண்டாவது மூட்டு ஈடுசெய்துவிடும். அதாவது, பரிமாற்றப் பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சும், பின்னச்சுக்குள் புகும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். ஆயினும் இடையிலுள்ள தண்டு விரைவதும் தளர்வதும் நிற்பதில்லை. ஆகவே கோணங்கள் சமமாயினும், மிகப் பெரியனவாயின் நடுக்கம் எஞ்சும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தண்டு செங்குத்தாய்ச் சாய்ந்து நிற்பதைக் கண்ட ஒருவர், பினியனை மேல்நோக்கித் திருப்பித் தண்டுக்கு நேராக வைத்தால் நலமாகும் என்று எண்ணுகிறார். பார்வைக்கு அது நேர்த்தியாகவே தோன்றும். ஆனால் கீழ் மூட்டின் கோணம் மறைந்துபோக, மேல் மூட்டின் கோணம் ஈடுசெய்வார் இன்றித் தனித்து நிற்கின்றது. நடுக்கம் முன்னையினும் மிகுகின்றது.

எனவே கருவியை எடுப்பதற்கு முன் கணக்கெடுத்தல் வேண்டும். ஒரு சுற்றில் 2.4 மீற்றர் உருளும் ரயர், மணிக்கு 86 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்குப் பத்து முறை சுற்றும். பின்னச்சின் பல் விகிதம் 4 ஆயின், தண்டு செக்கனுக்கு 40 முறை சுற்றும். மூட்டுக் கோணத்தால் எழும் அதிர்வு அதன் இருமடங்கு, அதாவது 80. ஆகவே ஒவ்வொரு குலுக்கமாக உணரத்தக்க மெதுவான ஆட்டமாயின் ரயரையோ சில்லையோ ஐயுறுதல் தகும். விரைந்த முரலொலியாயின் தண்டையும் மூட்டையும் ஐயுறல் வேண்டும். உயர்த்தும்போதே பெரிய ரயர்களையும் மாற்றியிருந்தால் இவ்வேறுபாட்டை அறிவது இன்னும் இன்றியமையாதது.

அடுத்தது ஓட்டிப் பார்த்தல். வெறுமையான நேர் வீதியில், நடுக்கம் தோன்றும் வேகத்தை மாற்றாது கியரை மட்டும் மாற்ற வேண்டும். எஞ்சினின் வேகம் மாறியும் நடுக்கம் மாறவில்லையாயின், குற்றம் எஞ்சினில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ளது. வேகமூட்டும்போது ஒருவகையாகவும் விட்டோடும்போது வேறுவகையாகவும் அதிர்ந்தால், பினியனின் கோணத்தைப் பார்க்க வேண்டும். விசை ஏறும்போது பின்னச்சு சற்றே முறுகிப் பினியன் மேல்நோக்கித் திரும்புவது அதற்குக் காரணம்.

மூன்றாவதாக, முன்தண்டை மறத்தல் ஆகாது. ரீ.ஜே. வண்டியில், நான்கு சில்லோட்டம் பூட்டப்படாதபோதும் முன்தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதனைக் கழற்றிவைத்து இரு சில்லோட்டத்தில் ஓட்டிப் பார்த்தால், நடுக்கம் நின்றதா இல்லையா என்பதே விடையாகும். பின்தண்டை அவ்வாறு கழற்றி ஓட்டுதல் தகாது. வழுக்கு மூட்டுடைய பரிமாற்றப் பெட்டியிலிருந்து எண்ணெய் வெளியேறிவிடும்.

நான்காவது, அளத்தல். வண்டி சமதரையில், தன் பாரம் சில்லுகளின் மேல் நிற்க வேண்டும். சட்டத்தைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளப்பது பொய்க்கணக்காகும். கோணமானியைப் பரிமாற்றப் பெட்டியின் முனையிலும் தண்டிலும் பினியனிலும் முறையே வைத்து மூன்று எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். அடியிற் செல்லுமுன் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை இடுவதும், எஞ்சினை நிறுத்துவதும் கட்டாயம்.

எண்கள் வழிகாட்டும். உயர்ச்சி சிறிதாயின், பரிமாற்றப் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் துண்டுகள் வைத்து ஓர் அங்குலம் அளவில் இறக்கலாம். செலவு குறைவு, ஆனால் உயர்த்திப் பெற்ற இடைவெளியிற் சிறிது இழக்கப்படும். உயர்ச்சி பெரிதாயின், பெட்டியின் நீண்ட வால் முனையைக் குறுகிய நிலைமுனையாக மாற்றி, இரட்டைக் கார்டான் மூட்டுடைய நீளமான தண்டைப் பூட்டுவர். அவ்வாறு செய்யும்போது விதி மாறுகின்றது. இரட்டை மூட்டு தன் குற்றத்தைத் தானே ஈடுசெய்வதால், பினியன் இப்போது தண்டை நோக்கியே நிற்க வேண்டும். விசையில் அது மேலெழுவதைக் கருதி ஒன்று அல்லது இரண்டு பாகை தாழ்த்திவைப்பர். முன்னே பிழையாயிருந்த செய்கை இங்கே சரியாகின்றது. எந்தத் தண்டுக்கு எந்த விதி என்பதை அறியாமல் அடுத்தவர் வண்டியைப் பார்த்துச் செய்வோர் இடறுவது இவ்விடத்திலேயாம்.

நடுக்கத்தைச் சிறு தொல்லை என்று பொறுத்துக்கொண்டு ஓட்டுவோரும் உளர். மூட்டின் ஊசி உருளைகள் தேய்ந்து, சிலுவை முறிந்து, சுழலும் தண்டு நெடுஞ்சாலையில் கழன்றுவிடுமாயின், அது தரைத்தகட்டைத் துளைக்கவும் கூடும். உள்ளே இருப்போர் உயிருக்கே ஊறு நேரக்கூடும். அதிர்வு என்பது இரும்பு முன்கூட்டியே விடுக்கும் எச்சரிக்கை.

வண்டியை உயர்த்தியது பிழையன்று. ஓரிடத்தை மாற்றியவர், அதனோடு பிணைந்த மற்றோரிடத்தின் சமநிலை குலைந்ததைக் காணாமையே பிழை. ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியபின் ஓட்டிப் பார்த்து, பார்த்ததை எழுதிவைப்பவர் தம் பணத்தையும் காப்பார். தம்மோடு வருவோரையும் காப்பார்.