சீட்டைப் படி, உயிரைக் காப்பாற்று

 

இன்று அரசு மருத்துவமனையைப் பற்றிப் பேசப் போகிறேன். நோய் வந்தால் நம்மில் பலரும் போகிற இடம் அதுதான். அங்கே கூட்டம் அதிகம். ஒரு நர்ஸ் பல பேரைக் கவனிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசி இன்னொருவருக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க நம்மாலும் முடியும். எப்படி? எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். எழுதாததை எழுதி வாங்க வேண்டும்.

எழுத்துக்கு அவ்வளவு பலமா? ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேற்கு வங்காளத்தில் நடந்தது. 1992-ஆம் ஆண்டு ஜூலை 8. ஒரு தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். ஓரிடத்தில் படுக்கை இல்லை. இன்னோர் இடத்தில் வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுமார் 17,000 ரூபாய் செலவானது. ஏழைத் தொழிலாளிக்கு அது சின்னத் தொகையா?

அவர் சும்மா இருக்கவில்லை. அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். 1996-இல் தீர்ப்பு வந்தது. உயிருக்குப் போராடுகிறவருக்குத் தக்க நேரத்தில் சிகிச்சை தராதது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை மீறிய செயல் என்றது நீதிமன்றம். பணம் இல்லை என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்றும் சொன்னது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதை விசாரித்த குழு முக்கியமான ஒன்றைச் சொன்னது. வருகிற நோயாளியின் பெயர், வந்த நேரம், எங்கே சேர்த்தார்கள், எங்கே அனுப்பினார்கள் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. ஏன்? எழுதி வைத்தால்தான் பிறகு யாரும் மறுக்க முடியாது.

ஆகவே வேறு மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், "காரணத்தையும் நேரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். போகும் முன் முதலுதவியும் கேளுங்கள். அடிபட்டவருக்குப் போலீஸ் வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வார்டில் சேர்த்தாயிற்று. இனி துணைக்கு இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

ஓ.பி. சீட்டில் பெயரும் வயதும் சரியா என்று படியுங்கள். ஊசி போட வந்தால், "சிஸ்டர், இது எங்கள் அம்மாவுக்குத்தானே? பெயரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். இரத்தம் ஏற்றினால் பையில் உள்ள பெயரையும் இரத்த வகையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை முதலிலேயே சொல்லி சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டாக்டரின் கையெழுத்து புரியவில்லையா? வெட்கப்பட வேண்டாம். எண்களைப் பாருங்கள். மாத்திரைக்குப் பக்கத்தில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்டு, நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்றால், பாசத்தில் ஒரு வாய் கஞ்சிகூடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது அது மூச்சுக்குழாயில் போய்விடலாம். டிரிப்ஸின் வேகத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ விதிமுறை சொல்கிறது.

"கேட்டால் கோபிப்பார்களே" என்று சிலர் பயப்படலாம். சண்டை போடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் வேலைச் சுமை உண்டு. மரியாதையாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபிக்க மாட்டார். நீங்கள் கேட்ட கேள்வி அவரையும் தவறிலிருந்து காப்பாற்றும்.

நாளை வரும்போது வீட்டில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் கொண்டு வாருங்கள். நாளைய பாடம் அதுதான். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.