சாயம் பூசுமுன் சுவரைப் பார்ப்போம்



தீபாவளி நெருங்குவதை அறிய நாள்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை. கடைக்காரரின் லாரியிலிருந்து சாய டின்கள் இறங்குவதைப் பார்த்தாலே போதும். முன்னாளில் பல தோட்டங்களில் நிர்வாகமே லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தது. தோட்டங்கள் கைமாறியபின் வெளியேறி, மலிவு விலை வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் இன்று ஏராளம். லயமானாலும் சொந்த வீடானாலும், சாயம் பூசும் வேலை இப்போது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. ஆள் வைத்தால் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆகவே நாமே பூசுகிறோம். நல்லதுதான். ஆனால் பூசிய சாயம் அடுத்த தீபாவளி வரையிலாவது நிற்கிறதா?

இதைக் கேட்க நமக்குத் தகுதி உண்டு. நாமே ஒருமுறை தோற்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியில், பெற்றோரும் ஆசிரியருமாகக் கூடி ஒரு வகுப்பறைக்கு இளமஞ்சள் சாயம் பூசினோம். பால்வெட்டு முடிந்து வந்த தாய்மார்கள் களைப்பையும் பாராமல் தூரிகை பிடித்தார்கள். மூன்றே மாதத்தில் பின்சுவரில் சாயம் அப்பளம்போல் உப்பியது. பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டு உரித்தார்கள். மட்டமான சாயத்தைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரை நொந்துகொண்டோம். பிறகு ஒரு மழை நாளில் பின்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, அந்தச் சுவர் நெடுக நனைந்துகொண்டிருந்தது. சாயத்தில் குற்றமில்லை. ஈரச் சுவரில் பூசியது நம் குற்றம். அந்தத் தாய்மார்களின் ஒரு நாள் உழைப்பு வீணாயிற்றே என்ற வருத்தம் நமக்கு இன்றும் உண்டு.

ஆகவே, டின் வாங்கப் போகுமுன் சுவரைப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. ஒழுகும் கூரையையோ உடைந்த குழாயையோ முதலில் சரிசெய்து, சுவர் காயும்வரை பொறுத்திருங்கள். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரானால் குறைந்தது நான்கு வாரம் காய விடவேண்டும்.

அடுத்து, உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறதா? அது பழைய சுண்ணாம்பு. அதன்மேல் எமல்ஷன் எனும் தண்ணீர்ச் சாயத்தை அப்படியே பூசினால், சாயம் சுவரைப் பிடிக்காது. அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மாவு உதிரும்போது சாயமும் சேர்ந்து உதிரும். தேங்காய்நார் பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அடிச்சாயம் ஒருமுறை பூசியபிறகே மேற்சாயம். சில பழைய வீடுகளில் சுவரின் அடிப்பாகத்தில் கறுப்புத் தார் பூசியிருப்பார்கள். அதன்மேல் வெளிர்நிறம் பூசினால் தார் ஊறி வந்து பழுப்பாகத் தெரியும். அந்த அடிப்பட்டையைக் கறுப்பாகவே விட்டுவிடுவது புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து.

குளியலறைப் பக்கத்துச் சுவரில் கரும்புள்ளியாகப் பூசணம் படர்ந்திருக்கும். அதைத் துடைக்காமல் மேலே சாயம் பூசினால், சில வாரத்தில் மீண்டும் எட்டிப்பார்க்கும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள், கையுறை அணியுங்கள். கழிவறை கழுவும் திராவகத்தையோ வேறு எந்தச் சோப்புத் திரவத்தையோ இதனுடன் கலக்கவே கூடாது. நச்சுப் புகை கிளம்பும்.

இங்கே பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கதவு, சன்னல்களில் பூசப்பட்ட எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். காய்ந்த நிலையில் மணல்தாள் கொண்டு தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறந்து, பாயிலும் சோற்றுத் தட்டிலும் படியும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆகையால் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, செதில்களைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். எரிக்காதீர்கள். அந்த வேலை முடிந்து, தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

எவ்வளவு சாயம் வாங்குவது? இதற்குப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் மொத்த நீளம் 44 அடி. அதை 9-ஆல் பெருக்கினால் 396 சதுர அடி. கதவும் சன்னலும் 33 சதுர அடி போக, மிச்சம் 363. ஒரு லிட்டர் தண்ணீர்ச் சாயம் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு ஒருமுறை பூச வரும். இருமுறை பூச 726 சதுர அடி. ஏழே கால் லிட்டர். ஆக, 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் மூன்றும் போதும். சொரசொரப்பான சுவர் இன்னும் கொஞ்சம் குடிக்கும். எல்லா டின்னையும் ஒரே நாளில் வாங்கி, வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். நிறம் டின்னுக்கு டின் சற்று மாறலாம்.

டின்னை நீட்டுவதற்காகத் தண்ணீரை அள்ளி ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது மிச்சமல்ல, நட்டம். முதல் பூச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போதும். டின்னில் எழுதியிருப்பதைத் தாண்டவேண்டாம்.

மேல்தளம் முதலில், பிறகு சுவர், கதவு சன்னல் கடைசியில். மூலைகளையும் ஓரங்களையும் மூன்று அங்குல அகலத்துக்குத் தூரிகையால் பூசிக்கொண்டு, நடுப்பகுதியை உருளையால் உருட்டுங்கள். தூரிகையின் மயிரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாயத்தில் முக்கவேண்டாம். ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் தேநீர். பாதியில் விட்டால், காய்ந்த ஓரம் கோடாகத் தெரியும். இரண்டாம் பூச்சுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் காத்திருங்கள். மழைக்காலத்தில் மறுநாள் பூசுவதே மேல். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை வழக்கம். வெளிச்சுவரைக் காலையில், வெயில் சுடுமுன் பூசி, நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். சுவிட்சுப் பக்கம் ஈரத்துணி வைக்குமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். மேசைமேல் நாற்காலி போட்டு ஏறும் வித்தை வேண்டாம். உருளையில் மூங்கில் கழியைக் கட்டினால் தரையில் நின்றே எட்டலாம்.

கதவுக்கு எண்ணெய்ச் சாயம் பூசும் நாளில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். அதுவும் தின்னரும் தீப்பற்றக்கூடியவை. சுருட்டு, சிகரெட்டு கூடாது. சாமி விளக்கையும் அன்று ஒருநாள் வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

வேலை முடிந்ததும், தண்ணீர்ச் சாயத் தூரிகையை உடனே தண்ணீரிலும், எண்ணெய்ச் சாயத் தூரிகையைத் தின்னரிலும் கழுவி, மயிர் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். மிஞ்சிய சாயத்தைக் கால்வாயில் ஊற்றாமல் மூடியை இறுக அடித்து, டின்னின்மேல் நிறத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் சுவரில் கிறுக்கும்போது தேவைப்படும்.