தண்டுவட நீர் சொல்லும் சேதி

காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். அந்த உறைதல் எல்லை மீறவும் கூடாது. அதற்குக் கடிவாளம் போடுவது கல்லீரலில் உருவாகும் ஆன்டித்ராம்பின் என்னும் புரதம்.

அதே புரதம் ஒரு மூளைப் புற்றுநோய்க்கும் துப்புக் கொடுக்கிறது. மூளைக்குள் தோன்றும் லிம்ஃபோமா புற்றுநோயை உறுதிசெய்ய, பெரும்பாலும் மண்டையோட்டில் துளையிட்டுத் திசு எடுக்கவேண்டும். கட்டி ஆழத்தில் இருந்தால் எவ்வளவு சிரமம்! 2008இல் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் ஆன்டித்ராம்பின் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். இதற்குத் தேவை, முதுகில் ஊசி போட்டு எடுக்கும் சில மில்லி நீர்தான். எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனாலும் திசுப் பரிசோதனைக்கு இது இன்னும் மாற்றாகிவிடவில்லை.

ஸ்டீராய்டு மருந்து இந்தக் கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, பரிசோதனையில் நோயை மறைத்துவிடக்கூடும். மருத்துவர் சொல்லாமல் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.