கூச்சம் நோய்க்கு மருந்தாகாது
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் மருத்துவத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம்மில் பலர் உடன்பிறந்த சகோதரியிடமும் சொல்லக் கூசுகின்ற பொருளாகும். பெண்ணுறுப்பில் துர்நாற்றம் எதனால் உண்டாகிறது, எப்பொழுது மருத்துவரை நாட வேண்டும் என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. "மிஸ்ஸி, பெரட்டில் யார் பக்கத்திலும் நிற்க முடியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன், நாற்றம் போகவில்லை" என்று கண்ணீர் விட்டார். எட்டு மாதங்களாக இரத்தம் கலந்த நீர் பட்டுக்கொண்டிருந்தது. சோதனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் எனத் தெரிந்தது. அவர் நீண்ட சிகிச்சைக்கு உட்பட வேண்டியதாயிற்று. நோயைக் காட்டிலும், எட்டு மாதம் வாய்திறவாதிருந்ததற்காகவே அவர் பெரிதும் வருந்தினார். அவர் பட்ட துன்பம் மற்றொருவருக்கு வரலாகாது என்பதற்காகவே இதைக் கூறுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எல்லா வாடையும் நோயன்று. நலமுடைய பெண்ணுறுப்பின் உட்பாதையில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை அவை. அவை உண்டாக்கும் அமிலம் தீய கிருமிகளைப் பெருகவொட்டாமல் காக்கிறது. ஆதலால் இலேசான புளிப்பு வாடை இருப்பது இயல்பே. மாதவிலக்கின்போதும், கருவுற்றிருக்கும்போதும் அவ்வாடை சிறிது மாறக்கூடும். விடியுமுன் எழுந்து, நண்பகல் வரை காட்டில் வேலை செய்து, வியர்வையில் நனைந்த உடையுடன் வீடு திரும்பும்போது எழும் வாடை குளித்தால் நீங்கிவிடும். அதைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

நீங்காத நாற்றத்திற்குக் காரணங்கள் பல. மிகவும் பொதுவானது, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குறைந்து மற்றக் கிருமிகள் பெருகுவதாகும். அப்பொழுது மீன்வாடை வீசும். சாம்பல் கலந்த வெண்ணிற நீர் படும். கணவருடன் கூடிய பின்னர் இவ்வாடை மிகும். இது ஒழுக்கக் குறைவின் அடையாளமன்று. மருத்துவர் தரும் மாத்திரையாலோ பூச்சு மருந்தாலோ குணமாகும். எனினும் இது திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்ததாக 2025ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியுள்ளது.

இரண்டாவது, உடலுறவால் தொற்றும் ஒருவகை ஒட்டுண்ணி. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்த நீர், நாற்றம், அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை இதன் குறிகள். இதற்கு மனைவி மட்டும் மருந்துண்டால் போதாது. கணவரும் உண்டாலன்றி நோய் மீண்டும் தொற்றும்.

தயிர்க்கட்டி போன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் இருந்து, நாற்றம் பெரிதும் இல்லையெனில், அது பூஞ்சை நோயாக இருக்கலாம். அடிக்கடி வருமானால் நீரிழிவு உண்டா என்று சோதித்துக்கொள்வது நல்லது. மாதவிலக்கின்போது உள்ளே வைத்த பஞ்சோ துணியோ மறந்து தங்கிவிட்டாலும் கடும் நாற்றம் எழும். அரிதாக, நான் முன்னர்க் கூறிய புற்றுநோயும் காரணமாகலாம்.

அப்படியானால் நாம் செய்யத்தகாதன யாவை? கிருமிநாசினி கலந்த நீரையோ, சவர்க்கார நீரையோ, வெற்றிலை வேகவைத்த நீரையோ உள்ளே செலுத்திக் கழுவலாகாது. நாற்றத்தைப் போக்க முயன்று, நம்மைக் காக்கும் நுண்ணுயிர்களையே அழித்து விடுகிறோம். நோய் மேலும் வளர்கிறது. தயிரைப் பூசுவதும் மருந்தாகாது. உட்பாதை தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் நீரால் கழுவினால் போதும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள். மாதவிலக்கு அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள். வேலைக்குச் செல்கையில் மாற்று அணையாடை ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள்.

இனி, எப்பொழுது மருத்துவரிடம் செல்ல வேண்டும்? நாற்றம் சில நாள்களில் நீங்காவிடினும், வெள்ளையின் நிறமோ அளவோ மாறினும், அரிப்பும் எரிச்சலும் புண்ணும் இருப்பினும் செல்லுங்கள். கருவுற்ற தாய்மார்கள் சிறிதும் தாமதிக்கலாகாது. மாதவிலக்கு நின்ற பின்னர் இரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும் அது ஒரு துளியேயாயினும் உடனே காட்டுங்கள். அடிவயிற்று வலியுடன் காய்ச்சல் இருந்தாலும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னோ கருச்சிதைவுக்குப் பின்னோ நாற்றத்துடன் காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வரை காத்திருத்தல் உயிருக்கு ஆபத்தாகும். பூப்பெய்தாத சிறுமிக்கு இத்தகைய நாற்றம் இருந்தால் அவளைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் காண மலேசியக் குடிமக்கள் செலுத்துவது 1 வெள்ளியே. பெண் மருத்துவரோ தாதியோ சோதிக்க வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை நாள்களாக இருக்கிறது, என்ன நிறம், என்ன மருந்து உண்டீர்கள் என்பவற்றை மறைக்காமல் கூறுங்கள். நாற்றம் இல்லையெனினும், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் கருப்பை வாய்ச் சோதனையைக் குறித்த காலத்தில் செய்துகொள்வது கடமையாகும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2010ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் 13 வயதுப் பள்ளி மாணவிகளுக்குப் போடப்பட்டு வருகிறது. உங்கள் பெண்பிள்ளைகளுக்கு அதற்கான சம்மதக் கடிதம் வந்தால் கையொப்பமிடத் தயங்காதீர்கள்.

இங்கு வந்திருக்கும் ஆடவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி இந்நோயைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், ஐயுறாதீர்கள். அவருடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தாய்மார்களே! பால்மரத்தின் பட்டையில் நோய் கண்டால் உடனே மேலாளருக்குத் தெரிவிக்கிறோம். மரத்திற்குக் காட்டும் அக்கறையை நம் உடலுக்கும் காட்டுவோம். நாணம் பெண்ணுக்கு அழகு என்பர். நோயை மறைக்கும் நாணம் அழகன்று. இன்று கேட்டதை, இங்கு வராத உங்கள் அண்டை வீட்டுப் பெண்ணிடமும் சொல்லுங்கள்.