வளவுக்குள் உருளைக்கிழங்கு

அம்மாமாரே, ஐயாமாரே, ஊர் திரும்பிய முதல் மாரியிலேயே கிழங்கு வைக்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அது புதுப் பயிரல்ல. ஆனால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத நிலத்தில் மண்வெட்டி போடவேண்டாம். அங்கிருந்து மண் அள்ளவும் வேண்டாம்.

அதுவரை, பாதுகாப்பான இடத்து மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து உரப்பைகளில் அரைவாசிக்கு நிரப்புங்கள். அடியில் துளைகள் வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பெருமழை ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழியில், முளைவிட்ட விதைக்கிழங்கை நாலு அங்குல ஆழத்தில் வையுங்கள். பைக்கு இரண்டு போதும். ஆசைப்பட்டு நெருக்கினால் போளையளவுதான் கிடைக்கும்.

செடி உயர உயர மண் அணையுங்கள். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு, பிள்ளைகளுக்குச் சமைக்கவேண்டாம். ஏறக்குறைய 90 நாளில் இலை பழுத்துச் சாயும். தண்ணீரை நிறுத்தி, இரண்டு கிழமை கழித்துக் கிண்டுங்கள்.