‘பர்ஸ்ட் பார்ட்டி’ எடுத்தாகிவிட்டது, பிறகு?



ஆண்டுக்கொரு முறை நம் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. “ரோட் டேக்ஸ் முடியப் போகுதுங்க, ஏஜெண்டுக்குப் போன் பண்ணுங்க.” முகவர் ஒரு தொகையைச் சொல்கிறார். “கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்” என்கிறார் வீட்டுக்காரர். தொகை குறைகிறது. எதை எடுத்துவிட்டுக் குறைத்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. காப்புறுதி இல்லாமல் காரை ஓட்டினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டம் கேட்பது, நம் காரால் வெளியாருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமான பாதுகாப்பைத்தான். நம் காரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அதனால்தான் பலர் ‘பர்ஸ்ட் பார்ட்டி’ என்று சொல்லப்படும் முழுக் காப்புறுதியை எடுக்கிறார்கள். விபத்து, தீ, திருட்டு மூன்றும் அதில் அடங்கும். பெயர்தான் முழுக் காப்புறுதி. வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. முழுக் காப்புறுதி வைத்திருந்தும் பலருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுதல் போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பழைய கட்டண முறையில் இதற்கு காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு, 50,000 ரிங்கிட் காருக்கு 250 ரிங்கிட். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஆற்றோரமும் பள்ளத்திலும் குடியிருப்பவர்கள் இதை வெட்டிக் குறைப்பது சிக்கனமல்ல.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. நண்பரைப் பின் இருக்கையில் ஏற்றிச் செல்கிறீர்கள். உங்கள் தவறால் விபத்து. அவருக்குக் கால் முறிகிறது. அவர் உங்கள் மீது வழக்குப் போடலாம். அடிப்படைப் பத்திரம் அந்த இழப்பீட்டைக் கொடுக்காது. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று கேட்டுச் சேர்க்க வேண்டும்.

காரின் மதிப்பைக் குறைத்துப் போடுவதும் ஆபத்து. சந்தையில் 80,000 ரிங்கிட் பெறும் காரை 60,000 என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைக்கிறார் ஒருவர். விபத்தில் 10,000 ரிங்கிட் செலவு. நிறுவனம் தருவது 7,500தான். மீதி அவர் பையிலிருந்து. மதிப்பு, சந்தை விலையில் 90 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

அடுத்து, என்சிடி. இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் முதலாண்டு 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55 விழுக்காடு கழிவு. உங்கள் தவறால் ஒரு முறை இழப்பீடு கேட்டால் பூஜ்யம். அடிப்படைப் பிரீமியம் 1,500 ரிங்கிட் என்று வையுங்கள். 55 விழுக்காட்டில் 675 கட்டியவர், 600 ரிங்கிட் பம்பருக்காக இழப்பீடு கேட்டால், மறுபடி 55-ஐ எட்டும் வரை கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 2,050 ரிங்கிட்! சிறிய அடியென்றால் பட்டறையில் ரொக்கமாகக் கட்டுவதே மேல். தவறு எதிர்க் காரோட்டியுடையது என்றால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, என்சிடி போகாமலே சொந்த நிறுவனத்தில் கேட்க வழி உண்டு. பழைய காரை விற்றாலும் என்சிடி உங்களோடுதான் வரும். அது காருக்கல்ல, உரிமையாளருக்குச் சொந்தம்.

2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் விலையை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். வெள்ளமும் பயணியும் அதில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மாலையில் இ-ஹெய்லிங் ஓட்டிக் குடும்பச் செலவைச் சமாளிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சொந்தப் பயன்பாட்டுக்கான பத்திரம் அந்த வேலைக்குப் பொருந்தாது. அதற்கென்று ஒரு கூடுதல் காப்புறுதி உண்டு; ஏற்றிய பயணி இறங்குவதற்குள் மோதல் நடந்தால் தேவைப்படுவது அதுதான்.