ஊசியும் உரிய காலமும்



ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய், குழந்தையின் உறக்கத்தோடு பெற்றோரின் உறக்கத்தையும் கெடுப்பது. “இரைக்கின்ற குடும்பத்துப் பிள்ளை; ஊசியைப் பிறகு பார்க்கலாம்” என்னும் பேச்சும் நம்மிடையே உலவுகின்றது. ஆகவே, ஊசியின் காலத்திற்கும் இரைப்பிற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் எலிகளிடம் கண்டவாறு கூற முற்படுகிறோம். நாம் மருத்துவரல்லோம், அறிந்தோர் எழுதியதைப் படித்தவரே.

காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.யிலுள்ள வலுவிழந்த கிருமியை, நியூசிலாந்து ஆய்வாளர் சுண்டெலிகளுக்கு மூக்கின் வழியே செலுத்தினர். பின்னர், முட்டை வெண்கருப் புரதத்தால் அவற்றின் நுரையீரலில் ஒவ்வாமையைத் தூண்டினர். முடிவு 1998இல் வெளியாயிற்று. தூண்டுதலுக்கு 4 வாரம் முன்னர்க் கிருமி பெற்ற எலிகளின் நுரையீரலில், ஒவ்வாமைக்கு அடையாளமான இயோசினோபில் அணுக்கள் 90 முதல் 95 விழுக்காடு குறைந்திருந்தன. 12 வாரம் முன்னர்ப் பெற்றவற்றிலோ 60 முதல் 70 விழுக்காடே குறைந்தன. தோலின்கீழ்ச் செலுத்தியபோது பயன் மிகவும் குன்றிற்று. கிருமியை எதிர்க்க உடலில் சுரந்த காமா இன்டர்ஃபெரான், ஒவ்வாமையை வளர்க்கும் பொருளை அடக்கியதே இதன் காரணம்.

எனவே, இரைப்பிற்கும் இதுவே மருந்து எனலாமா? ஆகாது. எலிக்கு மூக்கில் இட்டதை நாம் குழந்தையின் தோலில் இடுகின்றோம். மேலும், 1997இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வழிவழி வரும் குடும்பக் குழந்தைகளுள் ஆறு மாதத்திற்குள் பி.சி.ஜி. பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் ஒவ்வாமை நோயில் வேற்றுமை காணப்படவில்லை. ஊசி இரைப்பைத் தடுக்கவுமில்லை, வளர்க்கவுமில்லை.

ஆயின், அதைத் தள்ளிப்போடக் காரணம் ஏது? பச்சிளங் குழந்தையின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்தைத் தடுப்பதே அதன் தலையாய பணி. அதனாலன்றோ நம் நாட்டில் பிறந்தவுடன் இடுகின்றனர்! சென்னை கிண்டியில் 1948லேயே இம்மருந்து செய்யும் கூடம் எழுந்ததும் இதன்பொருட்டே. அந்நாளில் வண்டி வருமுன் கைகாட்டி இறங்க வேண்டியிருந்ததை நம் ரயில்வேக் குடும்பங்கள் அறியும். கிருமி வருமுன் ஊசி வேண்டும்.

தாய்மார்களே! பிரசவத்திற்கு ஊர் சென்று திரும்புகையில், தடுப்பூசி அட்டையை மறவாது கொணர்க. மருத்துவர் நிறுத்தச் சொன்னாலன்றி ஊசியின் நாளைத் தவறவிடற்க. இரைப்பிற்கு மருத்துவர் தந்த மருந்தையும் ஊசியை நம்பி நிறுத்தற்க. நம் குழந்தைகள் நன்மூச்செறிந்து நீடு வாழ்க!